டான் பிளாக்: பிறர் மெட்டுக்குச் சொல் தந்தவர்

கேள்வி இதுதான்: "'பாம்பே ட்ரீம்ஸ்' இசைத்தட்டில் ஏ.ஆர். ரகுமான் பெயருக்குப் பக்கத்தில் டான் பிளாக் என்று ஒரு பெயர் இருக்கிறது. யார் அவர்? ஜேம்ஸ் பாண்ட் பாட்டு எழுதியவரும் அவர்தான் என்கிறார்கள். பாப் பாட்டு எழுதும் ஒருவர் மேடை இசைநாடகத்துக்கும் எழுத முடியுமா? இரண்டும் ஒரே வேலையா?"

ஒரே ஆள்தான். ஆனால் இரண்டும் ஒரே வேலை அல்ல. அறுபது ஆண்டுகளாக அவர் எழுதியவற்றை அடுத்தடுத்துக் கேட்டால் அந்த வேறுபாடு நன்றாகப் புலப்படும். எனக்கு மிகவும் பிடித்த பாடலாசிரியர் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1938இல் லண்டனின் கிழக்குப் பகுதியான ஹாக்னியில் பிறந்தவர். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பம். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. இயற்பெயர் டொனால்ட் பிளாக்ஸ்டோன். அந்தக் காலத்து ஹாக்னியில் பாட்டு, நகைச்சுவை, வித்தை எல்லாம் ஒரே மேடையில் வந்துபோகும் கலவை நிகழ்ச்சிகள்தான் சாதாரண மக்களின் கேளிக்கை. அதில் ஊறி வளர்ந்த பையன், 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இசை இதழில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பிறகு, பாட்டுப் பதிப்பகங்கள் வரிசையாக இருந்த டென்மார்க் தெருவில் ஒரு வேலை. பதிப்பகத்திடம் உள்ள புதிய பாட்டுகளை எடுத்துக்கொண்டு பாடகர், இசைக்குழுத் தலைவர், வானொலிக்காரர் என்று ஒவ்வொருவராகப் பார்த்து, "இதைப் பாடுங்கள், இதை ஒலிபரப்புங்கள்" என்று கேட்டு நிற்கும் வேலை அது. இடையில் சில காலம் மேடையில் நின்று நகைச்சுவையும் செய்தார்.

எந்த இசைப் பள்ளியும் கற்றுத் தர முடியாத இரண்டு பாடங்களை இந்த வேலைகள் அவருக்குக் கற்றுத் தந்தன என்று நினைக்கிறேன். ஒரு பாட்டின் முதல் வரியிலேயே கேட்பவர் நிமிர்ந்து உட்கார்கிறாரா, கடிகாரத்தைப் பார்க்கிறாரா என்பது பாட்டை விற்கப் போகிறவனுக்குத் தெரிந்துவிடும். ஒரு சொல் தள்ளி விழுந்தாலும் சிரிப்பு வராது என்பது நகைச்சுவை செய்கிறவனுக்குத் தெரியும். பின்னாளில் அவர் எழுதிய பாட்டுகளின் முதல் வரிகளைக் கவனியுங்கள். ஒன்றுகூடச் சுற்றி வளைக்காது.

டென்மார்க் தெரு நாட்களில்தான் மாட் மன்ரோவின் நட்பு கிடைத்தது. லண்டனில் பஸ் ஓட்டுநராக இருந்து பாடகரானவர் மன்ரோ. அவ்வளவு தெளிவான உச்சரிப்பும் அலட்டிக்கொள்ளாத குரலும் கொண்ட பாடகர்கள் குறைவு. பிளாக் அவருடைய மேலாளரானார். 1964இல் ஐரோப்பிய நாடுகளுக்கிடையேயான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் பிரிட்டனுக்காகப் பாடிய மன்ரோவுக்கு இரண்டாம் இடம். அதே போட்டியில் ஆஸ்திரியாவுக்காக உடோ யுர்கென்ஸ் பாடிய ஒரு ஜெர்மன் பாட்டு மன்ரோவின் காதில் தங்கிவிட்டது. அந்த மெட்டுக்கு ஆங்கிலத்தில் வரிகள் எழுதும் வேலை பிளாக்கிடம் வந்தது. அதுதான் 'வாக் அவே'. பிரிட்டன் தரவரிசையில் நான்காம் இடம் வரை போனது. ஒரு வேற்றுமொழி மெட்டு, அதன்மேல் ஆங்கிலச் சொல்: தொழில் வாழ்க்கை தொடங்கிய விதமே அதுதான். முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து ரகுமானின் மெட்டுகளோடு உட்கார்ந்தபோது அவருக்கு அது புதிய வேலையாக இருந்திருக்காது.

அடுத்து வந்தவர் இசையமைப்பாளர் ஜான் பாரி. 1965இல் வந்த 'தண்டர்பால்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு ஏற்கெனவே வேறொரு முகப்புப் பாட்டு தயாராகியிருந்தது. ஆனால் பாட்டில் படத்தின் பெயர் வரவேண்டும் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார்கள். பாரி பிளாக்கை அழைத்தார். 'தண்டர்பால்' என்பது அன்றாடப் பேச்சில் யாரும் புழங்காத சொல். கதையில் அது ஒரு ரகசிய நடவடிக்கையின் பெயர், அவ்வளவுதான். பிளாக் அந்தச் சொல்லை விளக்கவே முயலவில்லை. எதையும் பொருட்படுத்தாமல் எடுத்துக்கொள்ளும் ஒரு மனிதனை வரிக்கு வரி வர்ணித்து, அவன் தாக்கும் விதம் அந்தச் சொல்லைப் போன்றது என்று முடித்துவிட்டார். கடைசியில் டாம் ஜோன்ஸ் அந்தப் பெயரின் இறுதி அசையைப் பிடித்துக்கொண்டு நீட்டும் நீட்டம் புகழ்பெற்றது. ஒலிப்பதிவு அறையில் தலை சுற்றிவிட்டது என்று ஜோன்ஸே சொல்லியிருக்கிறார். நெடில் விழுந்த இடத்தைக் கவனியுங்கள். வாய் திறந்து பாடக்கூடிய உயிரெழுத்து உச்ச சுரத்தில் வந்து உட்காரவில்லை என்றால் எந்தக் குரலாலும் அதைச் செய்ய முடியாது.

மறு ஆண்டு 'பார்ன் ஃப்ரீ'. கென்யாவில் எல்சா என்ற பெண் சிங்கத்தை வளர்த்து மீண்டும் காட்டுக்கு அனுப்பிய கதை. மெட்டு பாரியுடையது, பாடியவர் மன்ரோ. பிளாக்கின் வரிகளில் சிங்கம் இல்லை, கூண்டு இல்லை, காடும் இல்லை. சுதந்திரமாகப் பிறந்த எந்த உயிருக்கும் பொருந்தும் பாட்டு. இது தயாரிப்புத் தரப்புக்குப் பிடிக்கவில்லை. படப் பிரதிகளிலிருந்து பாட்டை நீக்கினார்கள். பிறகு அமெரிக்காவில் பியானோ கலைஞர் ரோஜர் வில்லியம்ஸ் வெளியிட்ட வடிவம் முதல் பத்து இடங்களுக்குள் வந்ததும், பாட்டு மீண்டும் படத்துக்குள் வந்தது. 1967 ஆஸ்கர் விழாவில் சிறந்த பாடலுக்கான விருது பாரிக்கும் பிளாக்குக்கும் கிடைத்தது. சிங்கத்தைப் பற்றியே எழுதியிருந்தால் அந்தப் பாட்டு படத்தோடு முடிந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

இதே வழியை அவர் பின்னரும் எடுத்தார். 'டூ சர், வித் லவ்' (1967) ஓர் ஆசிரியரைப் பற்றிய படம். மெட்டு மார்க் லண்டன், பாடியவர் லுலு. ஒரு பெண் குழந்தை வளர்ந்து ஆளாகும் ஆண்டுகள் அத்தனையையும் வண்ணக்குச்சியிலிருந்து வாசனைத் திரவியம் வரை என்று இரண்டே பொருள்களில் அடக்கிவிட்டார். அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடம். பில்போர்ட் இதழ் அந்த ஆண்டின் முதல் பாட்டாக அதையே வைத்தது. 1972இல் வால்டர் ஷார்ஃப் மெட்டமைத்த 'பென்'. படம், ஒரு தனிமையான சிறுவனுக்கும் எலிக்கூட்டத்தின் தலைவனான ஓர் எலிக்கும் இடையிலான நட்பைப் பற்றிய திகில் படம். பாட்டில் எலி என்ற சொல்லே கிடையாது. யாருக்கும் வேண்டாத ஒருவனிடம் "எனக்கு நீ வேண்டும்" என்று சொல்லும் நட்புப் பாட்டு. பாடியவர் அப்போது சிறுவனாக இருந்த மைக்கேல் ஜாக்சன். தனிப் பாடகராக அமெரிக்காவில் அவருக்கு முதன்முதலாக முதலிடம் தந்த பாட்டு இதுதான். படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்டு உருகியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

பாண்ட் வரிசையில் உச்சம் என்று நான் நினைப்பது ஷெர்லி பாஸி பாடிய 'டைமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' (1971). ஆண்கள் போய்விடுவார்கள், வைரம் போகாது; இதுதான் மொத்தப் பொருளும். ஏமாந்து ஏமாந்து இறுகிப்போன ஒரு பெண்ணின் குரலில் எழுதியிருக்கிறார். படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹாரி சால்ட்ஸ்மனுக்கு வரிகள் ஆபாசமாகப் பட்டன, பாட்டே பிடிக்கவில்லை. ஆனாலும் பாட்டு படத்தில் இடம்பெற்று, பாஸியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2005இல் கான்யே வெஸ்ட் இதன் ஒரு துண்டை எடுத்துத் தன் ராப் பாட்டில் வைத்தார். அந்தப் பாட்டு கிராமி வாங்கியது. பாண்டுக்காக 'தி மேன் வித் தி கோல்டன் கன்' (1974), டேவிட் ஆர்னால்டின் இசையில் 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்' (1999) ஆகியவற்றையும் எழுதினார். முன்னது அவருடைய சிறந்த வேலை அல்ல. பின்னது நன்றாகவே இருக்கிறது.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன்.

பாப் பாட்டை ஒருவர் நூறு தடவை கேட்பார். இன்று புரியாத வரி அடுத்த வாரம் புரியலாம். அது யாருடைய கதையாகவும் இருக்கலாம். கேட்பவர் தன் கதையை அதில் வைத்துக்கொள்ள இடம் விட்டிருக்க வேண்டும். மேடைப் பாட்டு இதற்கு நேர்மாறானது. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் அதை ஒரே ஒருமுறைதான் கேட்கிறார். ஒரு வரி தவறினால் கதை தவறிவிடும். பாடுவது இன்ன பெயர், இன்ன வயது, இன்ன ஊர்க்காரர் என்று தெரிந்த ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்கு வராத சொல்லைக் கவிஞர் தன் புலமைக்காக நுழைத்துவிடக் கூடாது. பாட்டு தொடங்கும்போது இருந்த மனநிலையில் பாத்திரம் முடிவிலும் இருந்தால், அந்தப் பாட்டு அங்கே வேண்டியதில்லை. பொதுவாக எழுதிப் புகழ் பெற்ற ஒருவர் குறிப்பாக எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும். பிளாக்குக்கே அதற்குச் சில காலம் பிடித்தது.

1971இல் வந்த முதல் இசைநாடகம் தோல்வி. 1974இல் பாரியோடு சேர்ந்து 'பில்லி'. பொய்களிலும் பகற்கனவுகளிலும் வாழும் ஓர் இளைஞனின் கதை; மைக்கேல் க்ராஃபோர்ட் நடிக்க, ட்ரூரி லேன் அரங்கில் 904 காட்சிகள் ஓடியது. 1978இல், நியூயார்க்கின் நாடக அரங்க வட்டாரமான பிராட்வேயின் பெரிய பெயர்களில் ஒருவரான ஜூல் ஸ்டைன் இசையில் 'பார் மிட்ஸ்வா பாய்'. யூதச் சிறுவர்கள் பருவமடையும்போது நடத்தும் சடங்குதான் பார் மிட்ஸ்வா. பிளாக் வளர்ந்த அதே லண்டன் யூதக் குடும்ப உலகம். அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று தோன்றும். சில வாரங்களில் மூடிவிட்டார்கள். ஒரு திரைப்பாட்டுத் தோற்றால் அடுத்த படம் இருக்கிறது. இசைநாடகம் தோற்றால் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு ஒரே மாதத்தில் போய்விடும். அதைத் தாங்கிக்கொண்டு மறுபடியும் மேடைக்கே திரும்பியவர் என்பதால்தான் எனக்கு இவர்மேல் இவ்வளவு மதிப்பு.

பிரிட்டிஷ் இசைநாடக இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாயிட் வெபர், தன் 'எவிட்டா' இசைநாடகத்துக்குப் பிறகு பிளாக்கோடு சேர்ந்தார். விளைவு 'டெல் மீ ஆன் எ சண்டே'. 1979இல் லாயிட் வெபர் தன் சிட்மன்டன் இல்லத்தில் நடத்தும் விழாவில் முதலில் நிகழ்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு பிபிசி தொலைக்காட்சியிலும் இசைத்தட்டாகவும் வந்தது. லண்டனிலிருந்து நியூயார்க் வந்த ஓர் இளம்பெண், அடுத்தடுத்து வரும் காதல்கள், அடுத்தடுத்த பிரிவுகள். மேடையில் ஒரே ஒருத்தி. உரையாடல் இல்லை. எதிரில் நிற்கும் காதலன், தோழி, ஊரிலிருக்கும் அம்மா யாரையும் நாம் பார்ப்பதில்லை. அவளுடைய பாட்டிலிருந்தே அவர்களை ஊகித்துக்கொள்கிறோம். கதை முழுவதையும் வரிகளே சுமக்க வேண்டும்.

மார்ட்டி வெப் பாடி பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போன 'டேக் தட் லுக் ஆஃப் யுவர் ஃபேஸ்' இதில் வருவதுதான். வானொலியில் கேட்டால் நல்ல, வேகமான பாப் பாட்டு. மேடையில் கேட்டால் ஒரு காட்சி. காதலன் வேறொருத்தியோடு இருப்பதைச் சொல்லத் தோழி வந்திருக்கிறாள். நாயகி நம்ப மறுக்கிறாள், செய்தி கொண்டுவந்தவள்மேல் கோபப்படுகிறாள், கடைசியில் தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று ஒப்புக்கொள்கிறாள். மூன்று நிமிடத்தில் மூன்று நிலைகள். தலைப்பு கவிதை அல்ல, சண்டையின் நடுவில் யாரும் சொல்லக்கூடிய வாக்கியம். தலைப்புப் பாட்டு இன்னும் நுட்பமானது. என்னைப் பிரியப் போகிறாய் என்றால் கடிதத்தில் எழுதாதே, தொலைபேசியில் சொல்லாதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மரங்கள் நிறைந்த பூங்காவுக்கு அழைத்துப்போய்ச் சொல் என்று கேட்கிறாள். காதல் இன்னும் முடியவில்லை. ஆனால் முடியும் விதத்தையாவது நான் தேர்ந்தெடுக்கிறேன் என்கிறாள். ஆண்கள் பெண் குரலில் எழுதிய பாட்டுகளில் இதற்கு நிகராக எனக்குத் தெரிந்தவை மிகச் சில. 1982இல் ஒரு நடனப் பகுதியையும் சேர்த்து 'சாங் அண்ட் டான்ஸ்' என்று பேலஸ் அரங்கில் இதை விரித்தார்கள்.

1989இல் 'ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் லவ்'. இசை லாயிட் வெபர்; வரிகளைப் பாடலாசிரியர் சார்ல்ஸ் ஹார்ட்டோடு சேர்ந்து எழுதினார். மைக்கேல் பால் பாடிய 'லவ் சேஞ்சஸ் எவ்ரிதிங்' பிரிட்டனில் இரண்டாம் இடம். ஒரு சிறிய சொற்றொடர் திரும்பத் திரும்ப ஏறிக்கொண்டே போகும் மெட்டு; வரிகளும் அதற்கேற்ப எளியவை. நாடகத்தின் சிக்கலான மனிதர்களோடு ஒப்பிட்டால் அந்தப் பாட்டு கொஞ்சம் பொதுவானது என்பேன். பாப் வெற்றிக்கு அதுவே உதவியது.

பிறகு 1993இல் லண்டன் அடெல்ஃபி அரங்கில், மறுபடியும் லாயிட் வெபர் இசையில், 'சன்செட் பூல்வார்ட்'. பில்லி வைல்டரின் 1950 படத்தை அடிப்படையாகக் கொண்டது. கதையையும் பாடல் வரிகளையும் பிளாக்கும் நாடகாசிரியர் கிறிஸ்டஃபர் ஹாம்ப்டனும் சேர்ந்து எழுதினார்கள். முன்னதாக எமி பவர்ஸ் என்ற பாடலாசிரியர் எழுதிப் பார்த்த சில பாட்டுகளில் அவருடைய பங்களிப்பும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. நாயகி நார்மா டெஸ்மண்ட், பேசாப் படக் காலத்து நட்சத்திரம். பேசும் படம் வந்ததும் உலகம் அவளை மறந்துவிட்டது. அவளுடைய பெருமையே சொல் தேவையில்லை, முகம் போதும் என்பதுதான். சொல்லை வெறுக்கும் ஒருத்திக்குச் சொல் எழுத வேண்டும்! 'வித் ஒன் லுக்' என்ற பாட்டில், ஒரே பார்வையால் என்னென்ன செய்வேன் என்று அவள் அடுக்கிக்கொண்டே போகிறாள். வாக்கியங்கள் குட்டையானவை, ஒவ்வொன்றும் ஒரு சைகை. பாடும்போதே அவள் நடிக்கிறாள். இரண்டாம் பாதியில் 'ஆஸ் இஃப் வீ நெவர் செட் குட்பை'. பல ஆண்டு கழித்துப் படப்பிடிப்புத் தளத்துக்குள் கால் வைக்கிறாள். தொடக்கத்தில் பயம்; பிறகு அட்டை மரங்கள், வண்ணம் தீட்டிய கடல் என்று பழகிய சின்னச் சின்ன விஷயங்கள் ஒவ்வொன்றாக அவளைத் தைரியப்படுத்துகின்றன, முடிவில் ராணியாக நிமிர்ந்து நிற்கிறாள். அவளை யாரும் மறுபடியும் நடிக்க அழைக்கவில்லை என்பது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அதனால் அந்த நிமிர்வைப் பார்க்கவே வலிக்கும். 1995இல் கதைக்கும் இசை, பாடல்களுக்கும் அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுகள். 2023இல் ஜேமி லாயிட் இயக்கத்தில், நிக்கோல் ஷெர்சிங்கர் நடிக்க லண்டனில் புதிதாக வந்து, பிராட்வே போய், 2025இல் சிறந்த மறுதயாரிப்புக்கான டோனியையும் வாங்கியது. முப்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பாட்டு தொடங்கியதும் அரங்கம் அடங்கிவிடுகிறது.

'பாம்பே ட்ரீம்ஸ்' 2002 ஜூனில் லண்டன் அப்பல்லோ விக்டோரியா அரங்கில் தொடங்கியது. தயாரிப்பு லாயிட் வெபர், கதை மீரா சியால், இசை ரகுமான், ஆங்கில வரிகள் டான் பிளாக். குடிசைப் பகுதி இளைஞன் ஒருவன் திரை நட்சத்திரமாக ஆசைப்படும் கதை. ரகுமானின் சில பழைய மெட்டுகளும் சில புதியவையும் கலந்திருந்தன. 'சையா சையா' இந்தியிலேயே இருந்தது. 'முதல்வன்' படத்தில் வைரமுத்து வரிகளில், வசுந்தரா தாஸ் குரலில் நாம் கேட்ட 'ஷக்கலக்க பேபி'க்கு பிளாக் ஆங்கிலச் சொற்கள் தந்தார்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. தமிழில் மெட்டுக்கு எழுதுகிறவர் குறில் நெடிலைப் பார்க்கிறார். சுரம் நீளும் இடத்தில் நெடில், தாளம் வெட்டும் இடத்தில் வல்லினம். ஆங்கிலத்தில் அசை நீளத்தைவிட அழுத்தம் முக்கியம். ஒரு சொல்லில் அழுத்தி உச்சரிக்கும் அசை தாளத்தின் அடியில் விழாவிட்டால், அதை வெளிநாட்டுக்காரர் பேசுவதுபோல ஆங்கிலக் காது உணர்ந்துவிடும். ரகுமானின் மெட்டுகளில் ஓர் அசையைப் பல சுரங்களில் இழைய விடும் இடங்கள் நிறைய. குட்டைச் சொற்களை நம்பி எழுதும் பிளாக்குக்கு அவை எளிதான இடங்கள் அல்ல. எல்லாப் பாட்டிலும் அவர் வென்றுவிட்டார் என்று சொல்ல மாட்டேன். சில வரிகள் மெட்டை நிரப்புவதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் 'தி ஜர்னி ஹோம்' வேறு தரம். வந்த வழியைத் திரும்பிப் பார்க்கும் ஒருவனின் ஏக்கம். வீடு என்ற ஒரு சொல்லைச் சுற்றியே கட்டியது. மெல்ல இறங்கி வரும் அந்த மெட்டில் ஒரு சொல்லும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. வேலைக்காக ஊர் விட்டுப் போன எந்தத் தமிழருக்கும் அது உடனே பிடிபடும். நாடகம் லண்டனில் இரண்டு ஆண்டு ஓடியது. 2004 ஏப்ரலில் பிராட்வே போனபோது கதையை மாற்றினார்கள், வரிகளில் பாடலாசிரியர் டேவிட் யாஸ்பெக்கும் கை வைத்தார். 2005 புத்தாண்டு அன்று கடைசிக் காட்சி.

அதன் பிறகும் அவர் நிற்கவில்லை. லாயிட் வெபர், ஹாம்ப்டனோடு 'ஸ்டீஃபன் வார்ட்' (2013); நான்கு மாதம்கூட ஓடவில்லை. ஃபிராங்க் வைல்ட்ஹார்ன் இசையில் 'பானி அண்ட் க்ளைட்' 2011இல் பிராட்வேயில் ஒரு மாதத்தில் மூடி, 2022இல் லண்டனில் மறுவாழ்வு பெற்றது. 2023இல், எண்பத்தைந்து வயதில், 'தி தேர்ட் மேன்'. இவற்றுக்கிடையே பிபிசி ரேடியோ 2இல் சில ஆண்டுகள் ஞாயிறு இரவு நிகழ்ச்சியும் நடத்தினார்.

கேட்கத் தொடங்க விரும்பினால் இந்த வரிசையில் கேளுங்கள்: முதலில் 'பென்', அடுத்து பாஸியின் வைரப் பாட்டு. பிறகு மார்ட்டி வெப் பாடிய 'டெல் மீ ஆன் எ சண்டே' முழு இசைத்தட்டையும், இடையில் நிறுத்தாமல், ஒரே மூச்சில். அந்தத் தலைப்புப் பாட்டு வரும்போது, அதற்கு முன் நடந்த பிரிவுகள் உங்கள் மனத்தில் இருக்கும். அந்தப் பாட்டைத் தனியாக ஏற்கெனவே கேட்டிருந்தாலும், அன்றுதான் முதல்முறை கேட்பதுபோல இருக்கும்.